நிறுத்தியவள்

பாக்கெட் போடும் கூடத்தின் இரைச்சல் நின்றபோது ஜெனினா மாடியில் தன் அறை ஜன்னலோரம் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போயிருந்தால் விளக்கும் சேர்ந்து போயிருக்கும். பின்கட்டு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பும் சத்தமும் வந்திருக்கும். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டி, தலைமுடிக்கு வலையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியிலேயே அது யாராக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

கூடத்தில் பெண்கள் கைகளை எந்திரத்திலிருந்து எடுத்து ஏப்ரனில் துடைத்தபடி நின்றிருந்தார்கள். நின்றுபோன கன்வேயர் பட்டைமேல் பாதி நிரம்பிய பால் பாக்கெட் ஒன்று வாய் மூடாமல் சரிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சுவரோரம் பார்த்தார்கள். அங்கே சிவப்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு புரோவியா நின்றாள்.

"நான்தான் நிறுத்தினேன், மேடம்."

அந்த 'மேடம்' ஜெனினாவுக்கு இன்னும் பழகவில்லை. அவர்கள் இருவரும் ஒரே நாளில் இந்த ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள். ம்பராரா ஊரில் ககோபா பக்கம் ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குடையில் மழைக்காலங்களைக் கடந்தவர்கள். கிடங்கில் பால் கிரேட்டுகளைக் கழுவித் தூக்கும் வேலையில் தொடங்கி, பாக்கெட் போடும் எந்திரம், பிறகு மேற்பார்வை என்று ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். உற்பத்தி மேலாளர் பதவி காலியானபோது இருவருமே விண்ணப்பம் போட்டார்கள். ஜெனினாவிடம் நிர்வாகவியலில் டிப்ளமோ இருந்தது; மாலைக் கல்லூரியில் படித்து வாங்கியது. புரோவியாவிடம் அது இல்லை. அந்த மாலைகளில் ஜெனினாவின் மகளுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தது புரோவியாதான். பதவி ஜெனினாவுக்கு என்று தெரிந்த மறுநாள், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற புரோவியா திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னாடி வாங்க மேடம்" என்று விலகி வழிவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். மறுநாளும் அப்படியே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜெனினா.

புரோவியா சுருக்கமாகச் சொன்னாள். பாலைச் சூடாக்கி உடனே குளிரவைக்கும் எந்திரத்தில் ஒரு வால்வு உண்டு. சூடு போதாத பால் வந்தால் அதை முன்னால் விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அது திரும்பும்போது வழக்கமாக ஒரு கிளிக் சத்தம் வரும். இன்று சூட்டைக் காட்டும் முள் சட்டென்று இறங்கியது, ஆனால் கிளிக் கேட்கவில்லை. முள் திரும்ப ஏறிவிட்டது. இறங்கி ஏறிய அந்தக் கொஞ்ச நேரத்துப் பால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சரியாகச் சூடாகாத பால் நல்ல பாலோடு கலந்து பாக்கெட்டுக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

மெக்கானிக் துமுசிமே ஸ்பானரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வந்தான். தான் பார்த்துவிட்டதாகவும், வால்வு நன்றாகவே இருப்பதாகவும், இந்த முள் எப்போதுமே கொஞ்சம் ஆடும் என்றும் சொன்னான். இந்த இரைச்சலில் கிளிக் கேட்டது, கேட்கவில்லை என்பதையெல்லாம் வைத்து ஆலையை நிறுத்துவதா என்று கேட்கவும் கேட்டான். இரண்டு மூன்று பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தார்கள்.

ஜெனினா புரோவியாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் பார்த்த முகம். காய்ச்சல் வருவதை அதன் சொந்தக்காரிக்கு முன்பே ஜெனினா கண்டுபிடித்துவிடும் முகம். இன்று அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் உதட்டின் ஓரத்தில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. இப்ப என்ன செய்யப்போற என்று அது கேட்பதுபோல இருந்தது.

ஏனென்றால், பதவி ஏற்ற வாரத்தில் எல்லோரையும் காலைக் கூட்டத்தில் நிற்கவைத்து ஜெனினா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் எந்திரத்தை நிறுத்தலாம், தன்னைக் கேட்க வேண்டியதில்லை, அதன்பிறகு வருவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவள் அதை மனதாரச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தது. பழைய மேலாளர் காலத்தில் ஒருமுறை கெட்டுப்போன பால் ஒரு பள்ளி விடுதிக்குப் போய், பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்துப் படுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அன்று காலையிலேயே பால்மேல் சந்தேகம் இருந்தது தெரிந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நிறுத்துகிறவர் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்பது அந்த மேலாளரின் வழக்கமான பேச்சு.

அவள் கோட்டுப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. பொது மேலாளர் செகிடோலேகோ. அவர் ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். இப்போதும் உயர்த்தவில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிகளுக்கும் வண்டிகள் புறப்பட வேண்டிய நேரம் இது என்றார். துமுசிமே தன்னிடம் பேசிவிட்டதாகவும், எந்திரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்று தெரிவதாகவும் சொன்னார். "ஓட்டச் சொல்லுங்க ஜெனினா" என்றார்.

கூடம் முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. லேபில் பால் சரியாகச் சூடாகியதா என்று சோதிக்கும் மருந்து போன வாரமே தீர்ந்துபோய், புதிது இன்னும் வந்து சேரவில்லை. மாதிரியைத் தலைநகர் கம்பாலாவுக்கு அனுப்பினால் நாளை மதியம்தான் முடிவு வரும். அதுவரை குளிர் அறையில் இருக்கும் காலைப் பால் முழுவதையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். அறை நிரம்பியிருந்தால் புதுப் பால் போட இடமிருக்காது. வாசலில் டேங்கர்கள் நிற்கும். வெயில் ஏறும்.

நெஞ்சுக்குள் ஒரு குரல், இது வால்வுச் சத்தம் இல்லை, மூன்று மாதக் கோபம் என்றது. உன்னைக் கூண்டில் ஏற்றுவதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறாள், நீ கொடுத்த வாக்காலேயே உன்னைக் கட்டிப்போட்டுவிட்டாள் என்றது. இன்னொரு குரல் ஒன்றும் சொல்லவில்லை. வாந்தி எடுத்த பிள்ளைகளின் தகரக் குவளைகளை மட்டும் காட்டியது.

"சார், நான் பாலை நிறுத்திவைக்கறேன். மாதிரி கம்பாலா போகட்டும்" என்றாள்.

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நிமிர்ந்து பார்த்தபோது புரோவியாவின் உதட்டோர இழுப்பு போயிருந்தது. அந்த இடத்தில் இப்போது இருந்தது பயம் என்று ஜெனினாவுக்குத் தோன்றியது. அதற்குள் அவள் திரும்பி, ஒழுகிக்கொண்டிருந்த பாக்கெட்டை எடுத்து வாளியில் போட்டுவிட்டாள்.

மதியத்துக்கு மேல் ஆலை வாசல் சந்தைபோல ஆகிவிட்டது. இபண்டா சாலையிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தின் டேங்கர்கள் ஒவ்வொன்றாக வந்து வெயிலில் வரிசை கட்டின. டிரைவர்கள் வண்டிக்கடியில் அட்டையை விரித்துப் படுத்தார்கள். சாலையோரம் முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டி ரோலெக்ஸ் சுட்டுக்கொண்டிருந்தவனுக்கு அன்று நல்ல வியாபாரம். முதலில் நின்ற வண்டி கரெமேராவுடையது. வயதானவர், எந்நேரமும் கம்பளித் தொப்பியோடு இருப்பவர். விடிவதற்கு முன்பே மலைப்பக்கத்துக் குடும்பங்களிடமிருந்து பால் எடுத்துக்கொண்டு இறங்கியவர். ஜெனினா வெளியே வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு மாடுங்களுக்கு உங்க வால்வு விஷயத்த யாரும் சொல்லல போலம்மா. பாவம், தெரியாம காலைலயே கறக்க விட்டுருச்சுங்க" என்றார்.

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். ஜெனினாவும் சிரித்துவைத்தாள். அடுத்த முறை வெளியே வந்தபோது அவர் வேடிக்கை பேசவில்லை. அவள் கையில் அவர் வண்டிப் பாலின் சோதனை முடிவு இருந்தது. பால் புளிக்கத் தொடங்கிவிட்டது. இதை ஆலை எடுத்துக்கொள்ள முடியாது. லேப் பெண்ணை அனுப்பிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஜெனினா தானே போய்ச் சொன்னாள். கரெமேரா அவள் சொல்வதை முழுவதும் கேட்டார். வாசலுக்கு வரும்போது பால் நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றாள். இப்போது கெட்டதற்கு யார் காரணம் என்று கேட்டார். அதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அன்று மாலையே கூட்டுறவுத் தலைவரிடமிருந்து செகிடோலேகோவுக்குப் பேச்சு வந்தது. நாளை மறுநாளிலிருந்து தங்கள் பால் நகரத்தின் மறுபக்கத்து ஆலைக்குப் போனாலும் போகும் என்று.

மறுநாள் மதியம் கம்பாலாவிலிருந்து முடிவு வந்தது. பால் நன்றாகச் சூடாகியிருந்தது. ஒரு குறையும் இல்லை.

லேப் பெண் அதை வந்து சொன்னபோது ஜெனினாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. யாருக்கும் வயிறு கெடப்போவதில்லை. அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதி உள்ளே எங்கோ நழுவிப்போனது. கெட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

செகிடோலேகோவின் மேசை எப்போதும் துடைத்து வைத்ததுபோல வெறுமையாக இருக்கும். இழுப்பறையில் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். யோசிக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து, தோலை விரலால் நசுக்கி உதிர்த்துவிட்டுச் சாப்பிடுவார். அவள் வந்து உட்கார்ந்தபின் அப்படித்தான் சில கடலைகள் சாப்பிட்டார். அவள்மேல் குறை சொல்லவில்லை என்று தொடங்கினார். அவளைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்றும் அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை என்றும் சொன்னார். ஆனால் முதலாளிகள் கேட்கிறார்கள், கூட்டுறவுத் தலைவர் கேட்கிறார், மருத்துவமனைச் சமையற்கட்டிலிருந்துகூடக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நாளைக் காலைக் கூட்டத்தில், புரோவியாவைக் கூடத்திலிருந்து எடுத்துக் கிரேட் கழுவும் கிடங்குக்கு மாற்றியிருப்பதாக ஜெனினா அறிவிக்க வேண்டும். வேலையை விட்டு நீக்கவில்லை. சம்பளத்திலும் கைவைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

"நீங்க குடுத்த உரிமைய நான் தடுக்கல. ஆனா தப்பா நிறுத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு இன்னொருத்தி புருஷனோட சண்ட போட்டுட்டு வந்து சுவிட்சத் தட்டுவா" என்றார்.

"பால் கெட்டுருந்தா என்ன சொல்லியிருப்பீங்க சார்?"

"பாராட்டியிருப்பேன். அதுல என்ன சந்தேகம்?"

"அவ செஞ்சது ரெண்டுலயும் ஒரே காரியம்தானே சார். முள்ளு இறங்கிச்சு, நிறுத்தினா. பால் எப்படி இருக்குன்னு அப்ப அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

செகிடோலேகோ ஒரு கடலையை உருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது.

"வகுப்புல இதுக்கு முழு மார்க் கிடைக்கும் ஜெனினா. எனக்கு முன்னால உக்காந்திருக்கறது வாத்தியார் இல்ல, கூட்டுறவுத் தலைவர்." இழுப்பறையை மூடினார். "இன்னொண்ணும் சொல்றேன். அவ உங்க சிநேகிதின்னு ஆலைக்கே தெரியும். உங்கமேல அவளுக்குக் கோவம்னும் தெரியும். அவளக் காப்பாத்தினா சிநேகிதிக்காகச் செஞ்சீங்கன்னு ஒரு பேரு வைப்பாங்க. நீங்க ஏமாந்துட்டீங்கன்னு இன்னொரு பேரு வைப்பாங்க. எந்தப் பேரு வேணும்னு யோசிச்சுக்கங்க."

ஆலை விட்டதும் ஜெனினா வீட்டுக்குப் போகவில்லை. வாடகை மோட்டார்சைக்கிளான போடாவில் ஏறி, நியமிட்டங்காவுக்குப் போகச் சொன்னாள். புரோவியா இப்போது அங்கேதான் தனியாகக் குடியிருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. புரோவியா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து மடோகே வாழைக்காயைத் தோல் சீவித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி வரவேற்கவில்லை. "வாங்க மேடம்" என்றாள். எழுந்திருக்கவும் இல்லை.

ஜெனினா வாசற்படியில் உட்கார்ந்து, பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு கத்தியை எடுத்துக் காயைச் சீவத் தொடங்கினாள். விரல்களில் கறை ஏறியது. பக்கத்து வீட்டில் வானொலியில் யாரோ மரணச் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல துணி போட்டுட்டு வந்து கறையாக்கிக்காதீங்க" என்றாள் புரோவியா.

பால் நன்றாக இருந்ததைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆலை முழுவதும் அதற்குள் பரவியிருந்தது. செகிடோலேகோ சொன்னதை ஜெனினா ஒளிக்காமல் சொன்னாள். கிரேட் கிடங்கு என்றதும் புரோவியாவின் கத்தி ஒரு கணம் நின்றது. அந்தக் கிடங்கிலிருந்துதான் இருவரும் தொடங்கினார்கள்.

ஜெனினா அடுத்த காயை எடுத்தாள். அதைச் சீவாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும். ஆலைக்காக இல்ல, எனக்காக. நெஜமாவே சத்தம் கேக்கலயா? இல்ல என்மேல இருந்த கோவமா?"

புரோவியா சீவிய காயைத் தண்ணீரில் அமுக்கி, அது மேலே வருவதைப் பார்த்து, மறுபடி அமுக்கினாள்.

"தெரியலடி" என்றாள். "முள்ளு இறங்கிச்சு. அத நான் பாத்தேன். சத்தம் கேக்கல. கேக்கலன்னுதான் நெனைக்கறேன். வேற நாளா இருந்தா துமுசிமேயக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டுட்டு விட்டிருப்பேன். நேத்து அவனக் கேக்கல. கை சுவிட்சுக்குப் போறப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. இப்ப ஜெனினா ஓடி வருவா, அவ மூஞ்சியப் பாக்கலாம்னு. அது நெஜம். முள்ளு இறங்கினதும் நெஜம். எது முன்னாடி வந்துச்சுன்னு கேட்டா, நேத்துலேர்ந்து நானும் அதத்தான் தேடிட்டிருக்கேன்."

வானொலிக்காரர் ஒரு பெயரையும், அந்தப் பெயருக்குரியவரின் உறவுகளையும் நீளமாக வாசித்து முடித்தார்.

"என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றாள் ஜெனினா.

"பயமாயிடுச்சு பாத்ததும். நீ ஓட்டச் சொல்லிடுவேன்னு நெனச்சேன். ஓட்டச் சொல்லுவ, நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியலாம், மேடம் வாக்கு இவ்வளவுதான்னு. நீ பாலை நிறுத்திவைக்கச் சொல்லிட்ட. அப்புறம் அந்தப் பெரியவரு பால் கெட்டுச்சு." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நீ ஒண்ணும் அறிவிக்க வேணாம். நானே கிடங்குக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துடறேன். உனக்கும் சங்கடம் இருக்காது."

ஜெனினா காயைச் சீவி முடித்துப் பாத்திரத்தில் போட்டாள். எதையும் எழுதிக்கொடுக்காதே என்று மட்டும் சொன்னாள். கிளம்பும்போது புரோவியா பின்னாலிருந்து, ஜெனினாவின் மகளுக்கு இருமல் நின்றதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றாள் ஜெனினா. நிற்கவில்லை.

திரும்பும் வழியில் போடாவின் பின்னால் உட்கார்ந்து அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். இப்போது அவளுக்கு ஒரு வசதி கிடைத்திருந்தது. புரோவியாவே பாதி ஒப்புக்கொண்டுவிட்டாள். நாளைக் காலையில் கிடங்கு என்று சொன்னால் மனசாட்சி உறுத்தாது; செகிடோலேகோ கேட்டதும் நடந்துவிடும்; கூட்டுறவுக்காரர்களும் சமாதானம் ஆவார்கள். யாரும் அவளைத் தவறு சொல்ல முடியாது. ஆனால் கூடத்தில் நிற்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தாள். வீட்டில் ஒரு கோபம், மேற்பார்வையாளர்மேல் ஒரு கடுப்பு, பக்கத்தில் நிற்பவள்மேல் ஒரு பொறாமை இல்லாமல் யார் காலையில் வேலைக்கு வருகிறார்கள்? அடுத்த முறை முள் இறங்கும்போது அவர்கள் எந்திரத்தைப் பார்ப்பார்களா, தங்கள் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பார்களா? தேடி முடிப்பதற்குள் பால் பாக்கெட்டில் போயிருக்கும். வேண்டுமென்றே நிறுத்துகிறவளை என்ன செய்வது என்றும் ஒரு கேள்வி இருந்தது. டிப்ளமோவில் அது வரவில்லை.

காலைக் கூட்டம் பாய்லர் அறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நடக்கும். எல்லோரும் ரப்பர் பூட்சோடு அரைவட்டமாக நின்றார்கள். பனி இன்னும் விலகவில்லை. பேசுகிறவர்களின் வாயிலிருந்து ஆவி வந்தது. புரோவியா கடைசி வரிசையில், கிடங்குப் பக்கமாக நின்றிருந்தாள், போகத் தயாராக இருப்பவள்போல. வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு வராத செகிடோலேகோ கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்றார்.

ஜெனினா இரவெல்லாம் மனதில் எழுதிவைத்திருந்த வாக்கியங்கள் அவரைப் பார்த்ததும் கலைந்துவிட்டன.

"முந்தாநாள் நிறுத்திவச்ச பால் நல்ல பால். முடிவு வந்துருச்சு. நிறுத்தியிருக்க வேண்டியதில்ல." கூட்டத்தில் சிலர் திரும்பிப் புரோவியாவைப் பார்த்தார்கள். "சுவிட்சத் தட்டினது புரோவியா. ஆனா நாள் முழுக்கப் பாலை வைக்கச் சொன்னது நான். அதுனால ஒரு வண்டிப் பால் கெட்டுச்சு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், அவ இல்ல. இன்னிக்கு அவ கூடத்துல அவ எடத்துலதான் நிப்பா. உங்கள்ல யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நிறுத்துங்க. போன தடவ தப்பாப் போச்சேன்னு யோசிக்காதீங்க."

யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து துமுசிமே, "நல்லதாப் போச்சு. இனிமே நிறுத்தினா மேடம் வேலைதான் போகும், நம்மது தப்பிச்சுது" என்று முணுமுணுத்தான். சிலர் சிரித்தார்கள். அதில் குத்தல் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று ஜெனினாவால் பிரிக்க முடியவில்லை. கூட்டம் கலைந்தது. புரோவியா குனிந்து பூட்சைச் சரிசெய்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் ஜெனினாவைத் தேடவில்லை. நேராகக் கூடத்துக்குள் நடந்துபோனாள். சற்று நேரத்தில் எந்திரங்கள் ஒவ்வொன்றாக இரைச்சலெடுத்தன. செகிடோலேகோ ஏற்கனவே படியேறிப் போயிருந்தார்.

அவர் அறைக்கு அவள் போனபோது அவர் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். அவரும் பிறகு எழுந்துகொண்டார்.

"நான் சொன்னத நீங்க செய்யல."

"இல்ல சார்."

"நேத்தே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"நேத்து எனக்கே தெரியாது சார்."

அவர் மேசைமேல் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். முதலாளிகளிடம் பேச வேண்டும், அவர்கள் ஒரு பெயரைக் கேட்பார்கள் என்றார். தன் பெயரைச் சொல்லலாம் என்றாள் ஜெனினா. அதைச் சொல்ல அவளுடைய அனுமதி தேவையில்லை என்பதுபோல அவர் கசப்பாகத் தலையசைத்தார். கையை ரிசீவர்மேல் வைத்தார். முதலாளிகளைக் கூப்பிடவில்லை. வாசல் காவலாளிக்குப் பேசி, இபண்டா பக்கத்திலிருந்து வண்டி ஏதாவது வந்ததா என்று விசாரித்தார். இதுவரை ஒன்றும் வரவில்லை என்று பதில் வந்தது போலும். ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

அந்த ஜன்னலிலிருந்து ஆலை மதிலுக்கு அப்பால் இபண்டா சாலை மேடேறி வளையும் இடம்வரை தெரியும். ஜெனினா எங்கே நிற்பது என்று தெரியாமல், அவருக்கு ஓரடி தள்ளி வந்து நின்றாள். மேட்டில் ஒரு மாட்டு மந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நீண்ட கொம்புகள் ஒன்றோடொன்று உரசாமல், அவசரமில்லாமல், பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஓட்டி வந்தவன் சாலை நடுவில் கோலைத் தோளில் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றான். மந்தைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ ஒரு பெரிய வண்டி வந்து நின்றிருந்தது. பேருந்தா டேங்கரா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. செகிடோலேகோ கண்ணாடியில் படிந்த மூச்சைச் சட்டைக் கையால் துடைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொம்புகள் வந்துகொண்டே இருந்தன.